அணு, மூலக்கூறு, சேர்மம்: குழப்பம் தீர ஒரு முழு வழிகாட்டி

"மிஸ், ஆக்சிஜன் தனிமமா, மூலக்கூறா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தினமும் மாலை டியூஷன் நடக்கும். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. வரையறைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன, தனிமம், சேர்மம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஒரு பொருளைக் கண்முன்னே வைத்து இது என்ன என்று கேட்டால் திணறிப்போவாள். பல வருடங்களாகப் பார்க்கிறேன், பிள்ளைகள் வேதியியலைக் கண்டு பயப்படத் தொடங்குவது இந்த இடத்தில்தான். இங்கே விட்ட குழப்பம், பத்தாம் வகுப்பில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்தில் அணுக்களை எண்ணும் மோல் கணக்கு வரும்போது வட்டியோடு வந்து நிற்கும்.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டேன். "உங்க அப்பா நேத்து காசிமேட்டுல இறக்கினது வஞ்சிரமா, கூடையா?"

அவள் அப்பா படகில் போகிறவர். "வஞ்சிரம் மீன் பேரு மிஸ். கூடைன்னா கூடை. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" என்றாள்.

அதேதான். 'வஞ்சிரம்' என்பது என்ன மீன் என்ற கேள்விக்குப் பதில். 'கூடை' என்பது அது எப்படி வந்து சேர்கிறது என்பதற்குப் பதில். ஒரு கூடை வஞ்சிரம் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், சண்டையே இல்லை. தனிமமும் மூலக்கூறும் இதே மாதிரி இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வழிக்கு வரும்.

படி 1: சொற்களை இரண்டு பக்கமாகப் பிரியுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் 'பொருள்', வலப்பக்கம் 'துகள்' என்று தலைப்பு எழுதுங்கள். பொருள் பக்கத்தில் தனிமம், சேர்மம், கலவை. துகள் பக்கத்தில் அணு, மூலக்கூறு, அயனி (மின்னூட்டம் பெற்ற அணு).

பொருள் என்பது கையில் எடுப்பது, டம்ளரில் ஊற்றுவது, மூச்சில் இழுப்பது. துகள் என்பது அந்தப் பொருளுக்குள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அலகு. இப்போது ஆக்சிஜனுக்கு வருவோம். பொருள் பக்கம் நின்று கேட்டால் அது தனிமம், ஏனென்றால் அதில் ஒரே வகை அணுதான் உண்டு. துகள் பக்கம் நின்று கேட்டால், நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜனில் இருப்பவை மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு ஆக்சிஜன் அணுக்கள். அவள் கேள்விக்கு இரண்டுமே சரியான பதில்.

இனி எந்தப் பொருள் கண்ணில் பட்டாலும் இரண்டு கேள்வி கேட்கப் பழகுங்கள். எத்தனை வகை அணு இருக்கிறது? அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றனவா, சும்மா கலந்திருக்கின்றனவா?

படி 2: கலவையை முதலில் ஓரம் கட்டுங்கள்

நம்மைச் சுற்றி இருப்பதில் பெரும்பாலானவை கலவைகள். அதனால் கலவையை முதலில் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம்.

வடசென்னைக்காரர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் கலவை கடல்நீர். பொதுவாக ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் உப்பு கரையுங்கள். அதில் கொஞ்சத்தை எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகி, தட்டில் வெள்ளையாக உப்பு திரும்பி வரும். உப்பளத்தில் நடப்பதும் இதுதான். உப்பும் தண்ணீரும் ஒன்றையொன்று வேறு பொருளாக மாற்றிவிடவில்லை, கலந்திருந்தன, பிரிந்துகொண்டன.

மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் இருக்கும் கடல்நீர்க் குடிநீர் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டது. ஒரு நாளைக்குப் பத்து கோடி லிட்டர் திறன் கொண்டது. அவ்வளவு பெரிய ஆலை செய்வதும் பிரிக்கும் வேலைதான். அதிக அழுத்தத்தில் கடல்நீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளுவார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் அந்தப் பக்கம் போய்விடும், உப்பு இந்தப் பக்கம் தங்கிவிடும். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலும் இதே தத்துவம்தான். எந்த மூலக்கூறும் உடைவதில்லை.

கலவைக்கு இன்னோர் அடையாளம், அதற்கு நிலையான விகிதம் கிடையாது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து சேரும்போது கரையோரக் கடலின் உப்பு குறையும், ஆனாலும் அது கடல்நீர்தான். சௌகார்பேட்டையில் வாங்கும் 916 நகையும் அப்படியே. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. 18 கேரட் என்றால் 750 பங்கு. விகிதத்தை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது என்றாலே கலவை. காற்றும் கலவைதான். அதில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் கிட்டத்தட்ட 1 சதவீதம்.

படி 3: தனிமமா சேர்மமா என்று உடைத்துப் பாருங்கள்

கலவையை ஒதுக்கியாயிற்று. இப்போது கையில் சுத்தமான ஒரே பொருள் இருக்கிறது, தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இது தனிமமா, சேர்மமா? மனிதர்கள் பல நூற்றாண்டுகள் தண்ணீரைத் தனிப்பொருள் என்றே நம்பினார்கள். ஆனால் மின்சாரத்தைச் செலுத்தினால் அது இரண்டாகப் பிரிகிறது. அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இரண்டு பென்சில்களை இரு முனையும் சீவிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கரையுங்கள். டம்ளர் வாயில் அட்டை வைத்து அதில் இரண்டு ஓட்டை போட்டுப் பென்சில்களைச் செருகுங்கள். கீழ் முனைகள் தண்ணீரில் முங்க வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது. மேல் முனைகளில் வயரைச் சுற்றி 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளில் இணையுங்கள். சில நொடிகளில் கருப்பு முனைகளில் குட்டிக் குட்டியாகக் குமிழிகள் வரத் தொடங்கும். எதிர்முனையோடு இணைத்த பென்சிலில் குமிழி சடசடவென்று ஏறும். நேர்முனையில் மெதுவாக, குறைவாக வரும். வேகமாக வருவது ஹைட்ரஜன், மெதுவாக வருவது பெரும்பாலும் ஆக்சிஜன். தண்ணீரில் ஆக்சிஜனைப் போல் இரண்டு மடங்கு ஹைட்ரஜன் அணுக்கள் இருப்பதைத்தான் அந்தக் குமிழிகள் காட்டுகின்றன.

மூன்று எச்சரிக்கை. வீட்டு பிளக்கில் இருந்து ஒருபோதும் மின்சாரம் எடுக்காதீர்கள், பேட்டரி மட்டும்தான். ஆப்ப சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போடாதீர்கள். உப்பு போட்டால் நேர்முனையில் குளோரின் வாயு வரும், அது நுரையீரலுக்கு விஷம். தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது.

இப்படி வேதிமுறையில் எளிய பொருள்களாகப் பிரிக்க முடிந்தால் அது சேர்மம். அதற்கு மேல் பிரிக்க முடியாமல் நின்றால் தனிமம். இதுவரை அறியப்பட்ட தனிமங்கள் 118. செம்பு, இரும்பு, தங்கம், கந்தகம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவை.

கலவையைப் போல அல்லாமல் சேர்மத்துக்கு விகிதம் கல்லில் எழுதியது மாதிரி. புழல் ஏரித் தண்ணீராக இருந்தாலும் இமயமலைப் பனியாக இருந்தாலும், சுத்தம் செய்துவிட்டால் 9 கிராம் தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜன், 8 கிராம் ஆக்சிஜன். இந்த மாறாத விகிதத்தை வைத்துத்தான் ஜான் டால்டன் 1800-களின் தொடக்கத்தில் அணுக்கொள்கையைக் கட்டினார். விகிதம் எப்போதும் மாறவில்லை என்றால், பொருள் எண்ணக்கூடிய துண்டுகளால் ஆகியிருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. கண்ணால் யாரும் அணுவைப் பார்க்காத காலத்தில், தராசை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்க வைக்கும் விஷயம்.

படி 4: அணுவுக்குள் எட்டிப் பாருங்கள்

ஒரு சென்டிமீட்டர் கோட்டில் ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக அடுக்கினால் சுமார் பத்து கோடி அணுக்கள் நிற்கும். அணு அவ்வளவு சிறியது. அதற்குள்ளே நடுவில் உட்கரு, அதில் புரோட்டானும் நியூட்ரானும். வெளியே எலக்ட்ரான்கள். ஜே. ஜே. தாம்சன் 1897-இல் எலக்ட்ரானைக் கண்டறிந்தார், ரூதர்ஃபோர்டு 1911-இல் உட்கருவைச் சொன்னார், சாட்விக் 1932-இல் நியூட்ரானைக் கண்டுபிடித்தார்.

உட்கரு எவ்வளவு சின்னது தெரியுமா? ராயபுரம் ரயில் நிலைய வாசலில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அதுதான் உட்கரு என்றால், எலக்ட்ரான்கள் இருக்கும் எல்லை எந்தப் பக்கம் நடந்தாலும் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் தள்ளி வரும். இடையில் உள்ள தெரு, கடை, வீடு அத்தனையும் வெற்றிடம்! ஆனால் அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அந்தக் கோலிக்குண்டில்தான்.

அணுவின் அடையாளம் புரோட்டான் எண்ணிக்கை. 6 புரோட்டான் என்றால் கார்பன், 8 என்றால் ஆக்சிஜன், 11 என்றால் சோடியம், 17 என்றால் குளோரின். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ தனிமமே மாறிவிடும். இந்த எண்தான் அணு எண். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறினால் தனிமம் அதேதான், எடைதான் மாறும். அதைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். குளோரினுக்கு அணு நிறை 35.5 என்று இருப்பதைப் பார்த்து "அரை புரோட்டானா மிஸ்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். இயற்கையில் குளோரின் அணுக்களில் நான்கில் மூன்று பங்கு 35 நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) கொண்டவை, ஒரு பங்கு 37. சராசரி எடுத்தால் 35.5.

எலக்ட்ரான்களை வரிசைப்படுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும். எலக்ட்ரான்கள் உட்கருவைச் சுற்றிக் கூடுகள் என்ற அடுக்குகளில் இருக்கும். முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8 என்று நிரப்ப வேண்டும். சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7. நியான் 2, 8. கடைசிக் கூடு நிரம்பியிருந்தால் அந்த அணு யாரையும் தேடாது, அதனால்தான் நியானும் ஆர்கானும் தனி அணுவாகவே திரிகின்றன. நிரம்பவில்லை என்றால் மற்ற அணுக்களிடம் கொடுக்கல் வாங்கல் தொடங்கும்.

படி 5: மூலக்கூறு எப்படி உண்டாகிறது என்று வரைந்து பாருங்கள்

ஹைட்ரஜன் அணுவிடம் ஒரு எலக்ட்ரான், வேண்டியது இரண்டு. ஆக்சிஜனின் கடைசிக் கூட்டில் ஆறு, வேண்டியது எட்டு. ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களோடு ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பொதுவில் போட்டுப் பகிர்ந்துகொள்கிறது. இப்போது மூவருக்கும் கணக்கு நிரம்பிவிட்டது. இந்தப் பகிர்வுதான் சகப்பிணைப்பு. இப்படிப் பிணைந்து ஒரே குடும்பமாக நடமாடும் அணுக் கூட்டம்தான் மூலக்கூறு. நோட்டில் வட்டம் வட்டமாக வரைந்து, எலக்ட்ரானுக்குப் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒருமுறை கையால் வரைந்தால் பத்து முறை படித்ததற்குச் சமம்.

இப்படி உண்டான தண்ணீர் மூலக்கூறின் வாய்ப்பாட்டை எச்₂ஓ என்று எழுதுகிறோம் (புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும், நான் இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன்). அடியில் சின்னதாக இருக்கும் 2, ஹைட்ரஜன் அணு இரண்டு என்று சொல்கிறது.

ஒரே வகை அணுக்களும் மூலக்கூறாகச் சேரலாம். ஓ₂ நாம் சுவாசிப்பது, ஓ₃ ஓசோன். இரண்டிலும் ஆக்சிஜன் மட்டும்தான், இரண்டுமே தனிமம். ஆனால் மூலக்கூறு வேறு என்பதால் குணமும் வேறு. வானத்தில் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோனைத் தரையில் சுவாசித்தால் நுரையீரல் எரியும். மஞ்சள் நிறக் கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும், எஸ்₈. மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயில் இருந்து பிரித்தெடுப்பது இந்தக் கந்தகத்தைத்தான். வண்டிப் புகையில் கந்தக டை ஆக்சைடு வராமல் இருக்க அதை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

ஆக, மூலக்கூறு என்று சொன்னவுடனே சேர்மம் என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 6: உப்புக் கல்லை லென்ஸ் வைத்துப் பாருங்கள்

இது நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் படி. பல வழிகாட்டிகள் அவசரமாகத் தாண்டிப்போய், 'உப்பு மூலக்கூறு' என்று தப்பாகவே எழுதிவிடுகின்றன.

கொஞ்சம் கல் உப்பைக் கருப்புத் தாளில் கொட்டி லென்ஸ் வழியாகப் பாருங்கள். மூலைகள் நேராக வெட்டினதுபோல, சதுரம் சதுரமாகத் தெரியும். யாரும் வெட்டவில்லை, உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் முறைதான் வெளியே தெரிகிறது.

சோடியத்தின் கடைசிக் கூட்டில் 1 எலக்ட்ரான், குளோரினில் 7. இங்கே பகிர்வு இல்லை. சோடியம் தன் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்னூட்டம் ஈர்க்கும், அதுதான் அயனிப் பிணைப்பு. இப்போது கவனியுங்கள். ஒரு சோடியம் அயனி ஒரே ஒரு குளோரைடோடு ஜோடி சேர்ந்து விலகிப் போவதில்லை. மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று ஆறு குளோரைடுகள் அதைச் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்த அடுக்கு கல் முழுவதும் தொடர்ந்துகொண்டே போகும். இதில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது ஒரு மூலக்கூறு? அப்படி ஒன்று இல்லவே இல்லை. உப்பின் வாய்ப்பாடு சொல்வது சோடியமும் குளோரினும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டும்தான்.

அதனால் உப்பு சேர்மம், ஆனால் மூலக்கூறுகளால் ஆனது அல்ல. ஆக்சிஜன் மூலக்கூறுகளால் ஆனது, ஆனால் சேர்மம் அல்ல. தண்ணீர் இரண்டும். படி 1-இல் போட்ட நடுக்கோடு எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.

குணம் எப்படித் தலைகீழாக மாறுகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், தீப்பற்றும், வெடிக்கும். குளோரின் வாயுவை 1915-இல் முதல் உலகப் போரில் ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள். இரண்டும் சேர்ந்தால் ரசத்தில் போடும் உப்பு.

படி 7: வாய்ப்பாடு எழுதவும் சமன் செய்யவும் பழகுங்கள்

வாய்ப்பாடு எழுத இணைதிறன் தெரிந்தால் போதும். ஓர் அணு எத்தனை எலக்ட்ரானைக் கொடுக்கும், வாங்கும் அல்லது பகிரும் என்பதே இணைதிறன். ஹைட்ரஜன், சோடியம், குளோரினுக்கு 1. ஆக்சிஜன், கால்சியத்துக்கு 2. நைட்ரஜனுக்கு 3. கார்பனுக்கு 4. இரண்டு தனிமங்களை எழுதி, இணைதிறனைக் குறுக்காக மாற்றி அடியில் போடுங்கள். கால்சியம் 2, குளோரின் 1, அதனால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரின். நைட்ரஜன் 3, ஹைட்ரஜன் 1, அதனால் என்எச்₃. அதுதான் அம்மோனியா.

அம்மோனியா என்றதும் எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முகம் மாறும். 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் எரிச்சல், மூச்சுத் திணறல். அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும். அதனால்தான் உடம்பில் ஈரமுள்ள இடங்களான கண், மூக்கு, தொண்டையை முதலில் தாக்குகிறது. அதே காரணத்தால்தான், இப்படிப்பட்ட நேரத்தில் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அங்கிருந்து விலகிப் போகச் சொல்கிறார்கள். துணியின் ஈரம் வாயுவில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஐஸ் ஃபேக்டரிகளில் குளிரூட்டப் பயன்படும் வாயு அம்மோனியா. நைட்ரஜனுக்கும் வாசனை இல்லை, ஹைட்ரஜனுக்கும் வாசனை இல்லை. சேர்ந்தால் மூக்கைத் துளைக்கிறது.

காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் முறையை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்துகாட்டினார். கார்ல் போஷ் 1913-இல் அதை ஆலை அளவுக்குக் கொண்டுபோனார். வயலில் போடும் யூரியாவுக்கு அம்மோனியாதான் மூலப்பொருள். இந்த வினையையே சமன் செய்து, அதாவது இரு பக்கமும் அணுக்களின் எண்ணிக்கையைச் சமமாக்கி, பழகுவோம்.

முதலில் அப்படியே எழுதுங்கள்: என்₂ + எச்₂ → என்எச்₃

இடப்பக்கம் நைட்ரஜன் 2, வலப்பக்கம் 1. வலப்பக்கம் முன்னால் 2 போடுங்கள்: 2என்எச்₃. இப்போது வலப்பக்கம் ஹைட்ரஜன் 2 பெருக்கல் 3, அதாவது 6. இடப்பக்கம் 2 தான் இருக்கிறது. அங்கே முன்னால் 3 போடுங்கள்.

என்₂ + 3எச்₂ → 2என்எச்₃

திரும்ப எண்ணுங்கள். நைட்ரஜன் இரண்டுக்கு இரண்டு, ஹைட்ரஜன் ஆறுக்கு ஆறு. சரி.

முன்னால் போடும் எண் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. அடியில் இருக்கும் எண் ஒரு மூலக்கூறுக்குள் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை. சமன் செய்யும்போது முன்னால் உள்ளதை மட்டுமே மாற்றலாம். அடியில் கை வைத்தால் பொருளே மாறிவிடும். எச்₂ஓ-வில் ஓ-வுக்கு அடியில் ஒரு 2 சேர்த்தால் அது தண்ணீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தைக் கழுவ மருந்துக்கடையில் நீர்த்த நிலையில் விற்பார்களே, ஊற்றியதும் நுரை பொங்குமே, அது. பரீட்சைத் தாளில் நான் அதிகம் சிவப்பு மை செலவழிக்கும் தவறு இதுதான்.

படி 8: வீட்டைச் சுற்றி வந்து பெயர் சொல்லுங்கள்

இந்தப் படிக்கு நோட்டு வேண்டாம், கண் போதும்.

காசிமேட்டில் மீன் மேல் போடும் ஐஸ்: சேர்மம், மூலக்கூறு அதே எச்₂ஓ. உறைந்தாலும் உருகினாலும் மூலக்கூறு உடையவில்லை. வரிசையாக அடுக்கிக்கொள்ளும்போது இடைவெளி அதிகமாவதால் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது, அதனால்தான் மிதக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் வரும் குமிழி ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சிலர் எழுதுவார்கள். இல்லை, அது நீராவி.

நங்கூரத்தில் பிடித்த துரு: இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்து உண்டான சேர்மம். சுரண்டினால் உதிருமே தவிர, காந்தத்தை வைத்து உள்ளே இருக்கும் இரும்பைப் பிரித்தெடுக்க முடியாது. சமையல் கேஸ்: புரோப்பேன், பியூட்டேன் என்ற சேர்மங்களின் கலவை. கசிந்தால் தெரிய வேண்டும் என்று நாற்றமுள்ள கந்தகச் சேர்மத்தைத் துளி சேர்க்கிறார்கள். செம்புக் கம்பி: தனிமம், அணுக்கள் தொடர் அடுக்காக இருக்கின்றன, மூலக்கூறு இல்லை. பென்சில் முனை: கார்பனும் களிமண்ணும் சேர்ந்த கலவை. சர்க்கரை: சேர்மம், ஒரு மூலக்கூறில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. புளிக்கரைசல்: கலவை, சொல்லவே வேண்டாம்.

படி 9: எண்ணத் தொடங்குங்கள்

அணுவை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முட்டையை டஜனில் எண்ணுவது மாதிரி வேதியியலில் மோலில் எண்ணுகிறோம். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். 602-க்குப் பின்னால் 21 பூஜ்யம் போட்டால் கிட்டத்தட்ட அந்த எண். அவகாட்ரோ எண் என்று அதற்குப் பெயர்.

இந்த எண்ணின் அழகு, எடை போட்டாலே எண்ணிவிடலாம் என்பதில் இருக்கிறது. அணு நிறைகளைக் கூட்டி கிராமில் எடுத்தால் ஒரு மோல். தண்ணீருக்கு 1 + 1 + 16 = 18. அதனால் 18 கிராம் தண்ணீர் ஒரு மோல், டீஸ்பூனில் நாலு கூட வராது. அந்த வாய் நிறையாத தண்ணீருக்குள் 6.022 × 10²³ மூலக்கூறுகள்.

இதை வைத்து ஒரு முழுக் கணக்கு போடுவோம். எங்கள் பாட்டி காலத்தில் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பார்கள். கிளிஞ்சல் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் மூன்று 48, மொத்தம் 100. சூளையில் சுட்டால் அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுச் சுட்ட சுண்ணாம்பாகிறது. கார்பன் டை ஆக்சைடு 12 + 32 = 44. மீதி 56. அதாவது 100 கிலோ சுத்தமான கிளிஞ்சலைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். எடை குறைவதைப் பார்த்து யாரோ திருடிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

அந்த 56-இல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும், பிள்ளைகளைக் கிட்டே விட மாட்டார்கள். 18 தண்ணீரை வாங்கிக்கொண்டு 74 ஆகிறது, நீற்றின சுண்ணாம்பு. அதைக் கரைத்துச் சுவரில் அடிப்பார்கள்.

போன மாதம் இதுவரை போட்டுவிட்டு, மாடிக் கைப்பிடிச் சுவரைக் காட்டினேன். "அடிச்ச சுண்ணாம்பு காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கும். அப்புறம் என்ன ஆகும், கணக்குப் போட்டுச் சொல்லு." ஆக்சிஜன் கேள்வி கேட்ட அதே பெண்தான் சாக்பீஸை வாங்கித் தரையில் எழுதினாள்.

74 + 44 = 118

அதில் 18 தண்ணீராக வெளியே போக வேண்டும் என்று அவளே கழித்தாள். மீதி 100 வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "மிஸ், அப்போ சுவத்துல இருக்கறது திரும்பவும் கிளிஞ்சல்தானா?" என்றாள்.

ஆமாம்.